கூரை விளிம்பில் ஐஸ் கட்டினால் கூரையை மாற்ற வேண்டுமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய ஒன்றரை மாடி வீடு. போன பெப்ரவரியில் பீலி முழுக்க ஐஸ் பிடித்து, ஆள் உயரத்துக்கு ஊசி ஊசியாகத் தொங்கியது. கொஞ்ச நாளில் மேல் அறையில், வெளிச்சுவரும் சீலிங்கும் சேருகிற மூலையில் மஞ்சள் கறை. கூப்பிட்டு வந்த ரூஃபிங்காரர், "சிங்கிள்ஸ் முடிஞ்சுது, கூரையை மாத்துங்கோ" என்றார். (சிங்கிள்ஸ் என்பது கூரைமேல் அடுக்கடுக்காக ஆணி அடித்திருக்கும் தார்த் துண்டுகள்.) இன்னொருவர் சூடேற்றும் கேபிள் போட்டால் சரி என்றார். மச்சான் பீலியைக் கழற்றிவிடச் சொல்கிறார். இந்த மூன்றில் எது சரி?

இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். உங்கள் வீட்டில் பழுது பெரும்பாலும் சீலிங்கில்தான் இருக்கும். கீழே நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கும் காற்று, சீலிங்கில் உள்ள ஓட்டைகளால் அற்றிக்குக்குள், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்துக்குள், ஏறுகிறது. வெளியே தெரிகிற ஐஸ் அதன் கடைசி விளைவு. ஆகவே காசு செலவழிக்கிற வரிசை: முதலில் ஓட்டை, பிறகு சூட்டைத் தடுக்கும் இன்சுலேசன், பிறகு காற்றோட்டம், கூரை கடைசியில். கூரை வேலை செய்பவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, அவர்கள் விற்பது கூரை.

இது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை விளங்கிக்கொண்டால், யார் எதை விற்க வந்தாலும் நீங்களே எடைபோடலாம். கூரையில் பனி கிடக்கிறது, வெளியே மைனஸ் 10 பாகை. அற்றிக் சூடாக இருந்தால் கூரைப் பலகையும் சூடாகி, பனியின் அடிப்பக்கம் உருகத் தொடங்கும். அந்தத் தண்ணீர் பனிக்குக் கீழாலேயே வழிந்து இறங்கும். வீட்டுச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதே இறவாரம், அதற்குக் கீழே சூடான அறை இல்லை. அந்தப் பலகை வெளிக்காற்றின் அதே குளிரில் இருக்கும். தண்ணீர் அங்கே வந்ததும் உறையும். அடுத்த நாள் வருவது அதன்மேல் உறையும். சில நாட்களில் கூரை விளிம்பு நெடுக ஒரு வரம்பு கட்டிவிடும், இதைத்தான் ஐஸ் டாம் என்கிறார்கள். அதற்குப் பிறகு இறங்குகிற தண்ணீருக்கு வழியில்லை, வரம்புக்குப் பின்னால் தேங்கி நிற்கும்.

தேங்கும் தண்ணீரைச் சிங்கிள்ஸ் தாங்காது. ஊரில் கிடுகு வேய்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் வழிந்தோடிவிடும், அதே கூரையில் தண்ணீரைக் கட்டி நிறுத்தினால் உடனே உள்ளே வரும். சிங்கிள்ஸும் அப்படித்தான் வேய்ந்திருக்கிறது. தேங்கிய நீர் அடுக்குகளுக்கு இடையால் மேல்நோக்கி ஊர்ந்து, ஆணி அடித்த இடத்தால் பலகைக்குள் இறங்கி, சுவரின் தலைப்புக்கு வந்து சேரும். புத்தம் புதுச் சிங்கிள்ஸ் போட்ட கூரையிலும் இது நடக்கும். உங்கள் கறை வெளிச்சுவர் ஓரமாக இருப்பதும் இதனால்தான்.

பனியே நல்ல இன்சுலேசன் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஆர் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் தடுப்பும் கூடும். புதுப் பனி அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-1 என்று வைத்துக்கொள்ளலாம். கூரையில் ஓர் அடிப் பனி ஏறினால் பலகைக்கு மேலே ஆர்-12 அளவுக்கு மூடி வந்துவிடுகிறது. அதுவரை வெளிக்காற்றில் குளிர்ந்துகொண்டிருந்த பலகை, இனி அற்றிக்கின் சூட்டைத்தான் பிடித்துவைக்கும். பல வருடம் சும்மா இருந்த வீடு ஒரு கனத்த பனி வருடத்தில் திடீரென்று ஒழுகுவதற்கு இதுதான் காரணம். 2014-15 குளிர்காலத்தில் பொஸ்டனில் 110.6 அங்குலம், அதாவது 2.8 மீற்றர் பனி கொட்டியது. அதில் பெரும்பகுதி ஜனவரிக் கடைசிக்குப் பிறகு சில கிழமைகளுக்குள் வந்தது. குளிரும் விடவில்லை. அதுவரை ஒரு துளி ஒழுகாத வீட்டுக்காரர்களும் அந்த வருடம் வாளி வைத்தார்கள். வீடு அந்த வருடம் கெட்டதல்ல. ஓட்டை முன்பே இருந்தது, பனி போதாமல் இருந்தது.

உங்களுடையது ஐஸ் டாம்தானா என்பதையும் முதலில் உறுதிப்படுத்துங்கள், ஏனென்றால் இதைப்போலத் தோன்றும் வேறு இரண்டு உண்டு. ஒன்று, உறைமழை. 2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவில் வந்தது அதுதான். மேலிருந்து விழுகிற மழை மரம், கம்பி, கூரை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி உறையும், வீட்டுச் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது, அற்றிக்குக்குள் உறையும் ஈரம். வீட்டுக்குள் இருக்கும் நீராவி மேலே ஏறி, கூரைப் பலகையின் அடிப்பக்கத்திலும் ஆணி முனைகளிலும் வெண்மையாக உறைந்து நிற்கும். வெயில் ஏறும் ஒரு நாளில் எல்லாம் ஒரேயடியாக உருகி இன்சுலேசனில் சொட்டும். இதன் கறை சீலிங்கின் நடுவிலும் பொட்டுப் பொட்டாக வரும், வெளிச்சுவர் ஓரத்தில்தான் என்றில்லை. கூரையில் பனியே இல்லாத நாளிலும் வரும். இந்த ஈரத்துக்கும் ஐஸ் டாமுக்கும் மூலம் ஒன்றுதான் என்பதால் மருந்தும் பெரும்பாலும் ஒன்றே.

தொங்கும் ஐஸ் ஊசிகளைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். தெற்குப் பக்க வெயிலில் கொஞ்சம் உருகி ஓரிரு ஊசி தொங்குவது எந்த வீட்டிலும் நடக்கும். இறவாரத்தின் அடிப்பக்கப் பலகையிலிருந்து, சொஃபிற் என்கிறார்களே, அதற்குள்ளிருந்து ஐஸ் பிதுங்கி வந்தால், அல்லது ஊசி பழுப்பு நிறமாக இருந்தால், தண்ணீர் மரத்துக்குள்ளால் வருகிறது. அது அவசரம்.

காசில்லாத சோதனை ஒன்று: மெல்லிய பனி விழுந்த மறுநாள் காலை வீதிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, அதே காலத்தில் கட்டிய அயல் வீடுகளின் கூரையோடு உங்கள் கூரையை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் கூரை வெள்ளையாக இருக்க, உங்களுடையதில் அங்கங்கே கறுப்புத் திட்டு தெரிந்தால் அந்தத் திட்டுக்கு நேர் கீழேதான் சூடு ஒழுகுகிறது. பாத்ரூமுக்கு மேலே ஒரு வட்டம், புகைபோக்கியைச் சுற்றி ஒரு வட்டம் என்று படம் போட்ட மாதிரித் தெரியும். படம் எடுத்து வையுங்கள், வேலைக்கு வருபவருக்குக் காட்டலாம்.

இனி ஓட்டைகள். சூடான காற்று மேலே ஏறி, வீட்டின் உச்சியில் வெளியே தள்ளப் பார்க்கும், குளிர் காற்று கீழ்த்தளத்தால் உள்ளே வரும். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு இந்தத் தள்ளல் கூடும். அதனால் சீலிங்கில் ஒரு விரல் நுழையும் ஓட்டைகூட ஜனவரி இரவு முழுக்க அற்றிக்கைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். நான் அற்றிக்குக்குள் ஏறினால் முதலில் தேடும் இடங்கள்: அற்றிக் வாசல் மூடி, சீலிங்குக்குள் பதித்த பொட் லைற்றுகள், பாத்ரூம் ஃபான், கழிவுநீர்க் குழாய் கூரையால் வெளியேறும் இடம், புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி, உட்சுவர்களின் தலைப்பில் கரண்ட் வயர் ஏறுவதற்குத் துளைத்த ஓட்டைகள், குசினி அலுமாரிகளுக்கு மேலே பெட்டி அடித்து மூடியிருக்கும் வெற்றிடம். இன்சுலேசனைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டையுள்ள இடத்தில் அது தூசி பிடித்துக் கறுத்திருக்கும், காற்றை அங்கே வடிகட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. இது நம்பகமான அடையாளம்.

அற்றிக் வாசலைப் பற்றி ஒரு சொல். சுற்றிலும் ஆர்-60 கொட்டியிருப்பார்கள், வாசலில் மட்டும் வெறும் பிளைவூட் துண்டு, சுற்றவர ரப்பர்கூட இல்லாமல் கிடக்கும். ஒரு சந்தனக்குச்சியைக் கொளுத்தி அறைக்குள் நின்றபடியே அந்த மூடியின் விளிம்பில் பிடியுங்கள், புகை போகும் பக்கம் பாருங்கள். மூடியின் முதுகில் தடித்த ஃபோம் பலகை ஒட்டி, விளிம்பில் ரப்பர் நாடா வைத்து, கொளுக்கி போட்டு இறுக்கிவிட்டால் அரை நாள் வேலையில் வீட்டின் பெரிய ஓட்டை ஒன்று அடைபடும்.

பாத்ரூம் ஃபானின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கட்டாயம் பாருங்கள். அற்றிக்குக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் குழாய்களை இன்றும் காண்கிறோம். குளிக்கும்போது வரும் சூடும் ஈரமும் அப்படியே கூரைப் பலகைக்குப் போகிறது. சொஃபிற்றுக்கு அடியில் விடுவதும் நல்லதல்ல, அங்கேயிருந்து திரும்பவும் உள்ளே இழுபடும். கூரையால் அல்லது சுவரால் நேராக வெளியே போக வேண்டும், குழாய்க்கும் இன்சுலேசன் சுற்றியிருக்க வேண்டும். குசினி ஹூட்டும் இதே கதை. எங்கள் சமையலில் சோறு வடிப்பதும், கறி கொதிப்பதும், பொரிப்பதும் என்று சாதாரண கனேடிய வீட்டைவிட நீராவி அதிகம். ஹூட்டின் குழாய் அற்றிக்கில் முடிந்தால் ஈரத்தோடு எண்ணெயும் சேர்கிறது, அது தீ ஆபத்து. ஜன்னல் கண்ணாடியில் காலை தண்ணீர் வடிந்தால் வீட்டில் ஈரப்பதன் கூட. கடும் குளிரில் 30 சதவீதத்துக்கு அருகில் வைத்திருங்கள்.

அடைப்பதற்கு: சின்ன ஓட்டைக்குக் கானில் வரும் ஃபோம் போதும். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் அந்த ஃபோமை அடிக்கவே கூடாது. அங்கே தகடும் தீ தாங்கும் பசையும்தான். பழைய பொட் லைற்றுகளுக்கு மேலே இன்சுலேசன் கொட்டலாமா என்பது அந்த விளக்கின் தரத்தைப் பொறுத்தது. இன்சுலேசன் தொடலாம் என்று தரப்படுத்தாத பழைய ஹாலஜன் விளக்குகளை மெல்லிய காற்றுப்புகா எல்ஈடி விளக்குகளாக மாற்றுவதுதான் எளிது. வீட்டை இறுக்கமாக அடைத்த பிறகு, புகைபோக்கியால் புகைவிடும் பழைய ஃபேர்னஸ் அல்லது வெந்நீர்த் தாங்கி இருந்தால் அதன் புகை ஒழுங்காக வெளியே இழுபடுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி எப்படியும் இருக்க வேண்டும்.

உங்கள் வீடு 1950களில் கட்டியது என்பதால், அற்றிக்குக்குள் கை வைப்பதற்கு முன் ஒன்று. அங்கே சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில், மினுமினுப்பாக, சிறு கற்கள் மாதிரிக் கொட்டியிருந்தால் அது வேர்மிக்யுலைற். தொடாதீர்கள், கிண்டாதீர்கள், கூட்டாதீர்கள். வட அமெரிக்க வீடுகளுக்குப் போன வேர்மிக்யுலைற்றில் பெரும்பகுதி மொன்ரானா மாநிலத்தின் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தில் அஸ்பெஸ்ரசும் கலந்திருந்தது. 1990இல் சுரங்கம் மூடப்பட்டது. சோனொலைற் என்ற பெயரில் கனடாவிலும் விற்றார்கள். ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதிக்காமல் யாரையும் மேலே ஏற விடாதீர்கள். அதேபோல, வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் ஓடும் மிகப் பழைய வயர் இருந்தால், அதை மின்வேலைக்காரர் பார்க்காமல் இன்சுலேசனால் மூடக்கூடாது.

ஒன்றரை மாடி வீட்டின் தனிச் சிக்கலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இங்கேதான். மேல் அறையில் சீலிங் சரிந்து இறங்கி, இடுப்பளவு உயரமான ஒரு குட்டைச் சுவரில் முடிகிறதல்லவா? அந்தச் சுவருக்குப் பின்னால் முக்கோணமாக ஓர் இடம் இருக்கும், பெட்டி அடுக்கி வைத்திருப்பீர்கள். குட்டைச் சுவரின் முதுகில் இன்சுலேசன் இருக்கும், அந்த முக்கோணத்தின் தரையிலும் இருக்கும். ஆனால் மேல் அறையின் தரைக்கு அடியில் ஓடும் மர வளைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் குட்டைச் சுவருக்குக் கீழால் அந்த முக்கோணத்துக்குள் திறந்தே கிடக்கும். வீட்டுச் சூடு அந்தச் சந்துகளால் நேராக இறவாரத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. குட்டைச் சுவரின் அடியில் ஒவ்வொரு வளை இடைவெளியையும் ஃபோம் பலகைத் துண்டு வெட்டி வைத்து, சுற்றவர ஃபோம் அடித்து மூட வேண்டும். முழங்காலில் இருந்து செய்யும் சலிப்பான வேலை. பொருள் செலவு குறைவு, கூலிதான். அந்தக் குட்டைச் சுவரில் உள்ள சின்னக் கதவுக்கும் அற்றிக் வாசலுக்குச் சொன்னதே.

சரிந்த சீலிங் பகுதிதான் உண்மையில் கஷ்டம். அங்கே கூரை மரத்தின் உயரம் நாலு அல்லது ஆறு அங்குலம், அதற்குள் இன்சுலேசனும் வேண்டும், காற்றுப் போக வழியும் வேண்டும். இரண்டுக்கும் இடம் போதாது. உள்ளேயிருந்து ட்ரைவோலை, அதாவது சீலிங்கின் ஜிப்சம் பலகையைக் கழற்றி ஸ்பிரே ஃபோம் அடிக்கலாம். அல்லது கூரை மாற்றும் காலம் வரும்போது பலகைக்கு மேலே தடித்த ஃபோம் பலகை போட்டு, அதற்கு மேல் சட்டம் அடித்துக் காற்று ஓட இடம்விட்டு, இன்னொரு பலகை அடித்து, அதன்மேல் சிங்கிள்ஸ் போடலாம். செலவுதான், ஆனால் இந்த வகை வீட்டுக்கு அது நிரந்தரத் தீர்வு. கூரை வேலையே ஐஸுக்கு மருந்தாவது இந்த ஓர் இடத்தில். உங்களிடம் வந்த ரூஃபிங்காரர் இதைச் சொன்னாரா, வெறும் சிங்கிள்ஸ் மாற்றுவதைச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓட்டை அடைத்த பிறகு இன்சுலேசன். தட்டையான அற்றிக் தரைக்கு இன்றைய இலக்கு ஆர்-60. ஊதிக் கொட்டும் செலுலோஸ் என்றால் ஒன்றரை அடி உயரத்துக்கு வரும். ஓட்டையை அடைக்காமல் மேலே கொட்டினால் காற்று அதற்குள்ளால் ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும், அடைக்க வேண்டிய ஓட்டையும் புதைந்துவிடும். ஒரே நாளில் வந்து மூட்டை மூட்டையாக ஊதிவிட்டுப் போகிறவர்கள் மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான், அடைக்கிற வேலைக்குத்தான் நேரம் போகும்.

காற்றோட்டம் மூன்றாவது. அற்றிக்குக்குள் தப்பித் தவறி வருகிற சூட்டை வெளிக்காற்று அள்ளிக்கொண்டு போக வேண்டும். சாதாரண சாய்வுள்ள கூரைக்குக் கனேடியக் கட்டட விதி கேட்பது, இன்சுலேசன் போட்ட சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறந்த துவாரம். அதாவது 1,000 சதுர அடிக்கு மூன்றே கால் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அதில் குறைந்தது கால்வாசி முகட்டுப் பக்கத்திலும் கால்வாசி இறவாரத்திலும் இருக்க வேண்டும். கணக்கில் சரியாக இருந்தும் காற்று ஓடாத வீடுகள் ஏராளம். ஒன்று, இன்சுலேசனை இறவாரம் வரை தள்ளி அடைத்திருப்பார்கள். அங்கே ஒவ்வொரு கூரை மர இடைவெளியிலும் இன்சுலேசனைக் கூரைப் பலகையிலிருந்து விலக்கிப் பிடிக்கும் காற்றுத் தட்டி வைத்தால்தான் வழி திறந்திருக்கும். மற்றது, பழைய வீடுகளில் நான் அடிக்கடி காண்பது: துளையுள்ள அலுமினியம் சொஃபிற் பளபளவென்று இருக்கும், கழற்றிப் பார்த்தால் பின்னால் பழைய மரப்பலகை முழுசாக அப்படியே. அதில் வெட்டித் திறக்காமலே மேலே அலுமினியத்தை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அற்றிக்குக்கு மின்விசிறி பூட்டலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீலிங்கில் ஓட்டை இருக்கும்போது அது உங்கள் வீட்டுச் சூட்டைத்தான் உறிஞ்சும்.

நியூ ஹாம்ப்ஷயரில் அமெரிக்க இராணுவத்தின் குளிர்ப் பிரதேச ஆய்வுகூடம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் வட நியூயோர்க்கில் உள்ள போர்ட் ட்ரம் முகாமின் கட்டடங்களை அளந்து பார்த்துக் கண்டது நமக்கு நேரடியாக உதவும்: வெளியே மைனஸ் 6 பாகைக்குக் கீழேயும் அற்றிக்குக்குள் மைனஸ் 1 பாகைக்கு மேலேயும் இருக்கும்போதுதான் விளிம்பில் ஐஸ் கட்டுவது பிரச்சினையாகிறது. வெளியே அதைவிடச் சூடாக இருந்தால் உருகும் நீர் பெரும்பாலும் உறையாமல் ஓடிவிடும். அற்றிக் அதைவிடக் குளிராக இருந்தால் உருகுவதே குறைவு. ஆகவே கம்பியில்லாத வெப்பமானி ஒன்றை வாங்கி அற்றிக்குக்குள் வைத்துவிடுங்கள். வெளியே மைனஸ் 10, அற்றிக்குக்குள் பிளஸ் 5 என்று காட்டினால் வேலை இன்னும் பாக்கி. செய்த வேலை பலித்ததா என்பதற்கும் ஒப்பந்தக்காரரின் வாய்ச்சொல்லைவிட இது நல்ல சாட்சி.

இனி அந்த மூன்று ஆலோசனைகள். பீலி ஐஸ் டாமுக்குக் காரணமில்லை. பீலியே இல்லாத வீட்டிலும் கட்டும். ஐஸ் நிரம்பினால் பீலி பாரத்தில் பிய்ந்து விழலாம், அவ்வளவுதான். இலைகளை நவம்பரில் அள்ளிவிடுங்கள், பீலி இருக்கட்டும்.

கேபிள் ஐஸைத் தடுப்பதில்லை, ஐஸுக்குள் தண்ணீர் ஓட ஓர் ஓடை வெட்டுகிறது. அந்தச் சூட்டுக்கும் ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில், நீங்கள்தான் கட்ட வேண்டும். சாதாரணமாக அடிக்கு 5 முதல் 10 வாற் வரை இழுக்கும், 100 அடி போட்டால் ஒரு சிறிய ஹீற்றரைக் கூரையில் வைத்திருக்கிறீர்கள். பீலிக்குள்ளும், கீழே இறங்கும் குழாய்க்குள்ளும் அதைக் கொண்டுபோகாவிட்டால் ஓடை போய் இன்னோர் ஐஸில் முட்டி நிற்கும். கசிவு மின்னைத் துண்டிக்கும் பிளக்கில்தான் இணைக்க வேண்டும். இரண்டு கூரைகள் சேரும் பள்ளம், வேறு எதுவும் செய்ய முடியாத ஒரு மூலை என்றால் நானும் கேபிளைச் சிபாரிசு செய்வேன். வீடு முழுக்கச் சுற்றச் சொன்னால் இல்லை.

கூரை மாற்றுவதைப் பொறுத்தவரை, சிங்கிள்ஸின் காலம் உண்மையிலேயே முடிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது விளிம்பில் ஒட்டும் ரப்பர் கலந்த நீர்த்தடுப்புத் தாளைப் பற்றிப் பேசி எழுதி வாங்குங்கள். கிரேஸ் என்ற பெயரில் வரும் ஐஸ் அண்ட் வோட்டர் ஷீல்ட் இதில் பிரபலமான ஒன்று. ஆணி அடித்தாலும் ஆணியைச் சுற்றி இறுகி ஒட்டிக்கொள்ளும். கனேடிய விதி கேட்கும் குறைந்த அளவு, விளிம்பிலிருந்து கூரைச் சாய்வில் 900 மில்லிமீற்றர் மேலே, அதோடு வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றர் உள்ளே. ஐஸ் கட்டும் வரலாறு உள்ள வீட்டுக்கு நான் இன்னும் ஒரு சுருள் அகலம் கூட்டிப் போடச் சொல்வேன், பள்ளங்களிலும் முழு நீளத்துக்கு. கூலி எப்படியும் கொடுக்கிறீர்கள், தாள் கொஞ்சக் காசுதான். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தத் தாள் ஐஸைத் தடுக்காது, தேங்கிய நீர் உள்ளே வருவதைத்தான் தடுக்கும்.

இதெல்லாம் கோடையில் செய்யும் வேலை. அடுத்த பெப்ரவரியில் திரும்பவும் ஐஸ் கட்டினால் என்ன செய்வது?

கனத்த பனி விழுந்த அன்றோ மறுநாளோ, ஐஸ் கட்டுவதற்கு முன்பே, நிலத்தில் நின்றபடி நீண்ட கைப்பிடியுள்ள கூரை வாரியால் விளிம்பிலிருந்து முடிந்த அளவு மேலே பனியை இழுத்து விடுங்கள். நேராகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. சிங்கிள்ஸ் தெரியும் வரை சுரண்ட வேண்டாம், ஓரிரு அங்குலம் கிடக்கட்டும். வீட்டுக்கு வரும் கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் அலுமினியக் கைப்பிடியைக் கொண்டுபோகவே வேண்டாம். இழுத்த பனி எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். புது வகை ஃபேர்னஸ்களின் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள் பக்கச் சுவரால் வெளியே வரும். அவற்றையும் காஸ் மீற்றரையும் மூடிவிட்டால் உடனே துப்பரவாக்க வேண்டும். ஏணி போட்டு ஏறாதீர்கள், ஐஸ் பிடித்த கூரையில் கால் வைக்கவே வேண்டாம்.

ஐஸ் கட்டிவிட்டால் கோடாரி, சுத்தியல், காஸ் சுவாலை எதுவும் கூடாது. சிங்கிள்ஸ் குளிரில் நொறுங்கும், சுவாலையால் வீடு எரிந்த கதைகளும் உண்டு. 30 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் ஓர் அடி அகலத்தில் முக்கோணமாகக் கட்டிய ஐஸ் 390 கிலோ வரும், அதற்குக் கீழே நின்று இடிப்பது விவேகமல்ல. நைலோன் காலுறைக்குள் கல்சியம் குளோரைட் நிரப்பி, வரம்புக்குக் குறுக்காக, நுனி விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்தால் மெதுவாக ஓர் ஓடை வெட்டும். சாதாரண உப்பு வேண்டாம், கடும் குளிரில் வேலை செய்யாது, ஆணியையும் தகட்டையும் துருப்பிடிக்க வைக்கும். உள்ளே ஏற்கெனவே ஒழுகினால் நீராவியால் ஐஸை வெட்டும் ஆட்களைக் கூப்பிடுங்கள். பாவிப்பது குறைந்த அழுத்த நீராவிதானா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். கார் கழுவும் உயரழுத்த இயந்திரத்தில் வெந்நீர் விட்டுக்கொண்டு வருபவர்கள் சிங்கிள்ஸின் மணலையும் சேர்த்துக் கழுவிவிடுவார்கள். பனிக்காலத்தின் நடுவில் விலை கண்ணைக் கட்டும், அதுவும் உண்மை.

ஆள் வரும்வரை ஒரு தற்காலிக உபாயம்: அற்றிக்குக்குள் போக முடிந்தால், சாதாரண மேசை விசிறியை அங்கே வைத்து, ஒழுகும் இடத்தின் பலகையை நோக்கி அற்றிக்கின் குளிர்க் காற்றை அடிக்க விடுங்கள். வெளியே நல்ல குளிர் என்றால் ஒழுகும் நீர் அங்கேயே உறைந்து நிற்கலாம். அறையில் பெயின்ற் தண்ணீர் கோத்துத் தொங்கினால் கீழே வாளி வைத்துச் சிறு துளை போட்டு வடிய விடுங்கள், இல்லாவிட்டால் சீலிங் பெரிய துண்டாக விழும். பக்கத்தில் விளக்கு இருந்தால் அதன் பிரேக்கரை நிறுத்துங்கள். நனைந்த இன்சுலேசனை எடுத்துவிட வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

காப்புறுதிக்கு எல்லாவற்றையும் படம் எடுங்கள், திருத்துவதற்கு முன்பே அழையுங்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். பெரும்பாலும் உள்ளே வந்த சேதத்துக்குக் கொடுப்பார்கள், கூரையை மேம்படுத்துவதற்கும் இன்சுலேசனுக்கும் கொடுக்கமாட்டார்கள். இரண்டாம் முறை அதே இடத்தில் ஒழுகினால் "தெரிந்தும் ஏன் திருத்தவில்லை" என்ற கேள்வி வரும்.

யாரைக் கூப்பிடுவது? முதலில் எனர்கைட் மதிப்பீடு, அதாவது கனேடிய அரசின் முறையில் வீட்டின் எரிசக்திச் செலவை மதிப்பிடுவது, செய்யும் ஒருவரை. வாசற்கதவில் பெரிய விசிறி பூட்டி வீட்டின் காற்றை 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்துக்கு இழுத்து, மொத்தமாக எவ்வளவு ஒழுகுகிறது என்று அளப்பார்கள். குளிர் நாளில் வெப்பக் கமராவும் சேர்ந்தால் ஓட்டை எங்கே என்று சுவரிலேயே தெரியும். அரச ஊக்கத்தொகைத் திட்டங்கள் வருவதும் போவதுமாக இருக்கின்றன, பலவற்றுக்கு வேலை தொடங்குவதற்கு முந்திய மதிப்பீடு வேண்டும். ஆகவே இது முதல் செலவாக இருக்கட்டும். பிறகு இன்சுலேசன் ஆட்களிடம் விலை கேட்கும்போது, ஊதுவதற்கு ஒரு விலை, ஓட்டை அடைப்பதற்குத் தனி விலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது வரியை எழுத மறுப்பவரை அனுப்பிவிடலாம்.

அந்த மஞ்சள் கறைக்கு இப்போது பெயின்ற் அடிக்காதீர்கள். இடம் காய்ந்து பூஞ்சணம் இல்லை என்று உறுதியானால், கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். வேலை முடிந்து ஒரு முழுக் குளிர்காலம் போன பிறகும் கோட்டைத் தாண்டவில்லை என்றால், கறை மறைக்கும் பிரைமர் ஒரு பூச்சு அடித்துவிட்டு மேலே பெயின்ற் அடிக்கலாம்.